பாடவேளை குழம்பும்போது: கொழும்புப் பாடசாலைக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

கல்வியியற் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுத நன்றாகவே பழக்கிவிடுகிறார்கள். ஆனால் மூன்றாம் பாடவேளையில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் மற்ற நாற்பது பேரை யார் பார்ப்பது, யாருக்கு முதலில் அறிவிப்பது, எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. ஓய்வறையில் கேட்டால் "போகப் போகப் பழகிடும்" என்பார்கள். பழகத்தான் செய்தது, ஆனால் முட்டி மோதித்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ மாற்றலாகிக் கொழும்புக்கு வருகிறவருக்குச் சிங்களமும் தகராறு, ஊரும் புதிது என்றால் சிரமம் இரட்டிப்பு. அவர்களுக்காகத்தான் இது.

காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும், பாடவேளை 40 நிமிடம் கொண்ட அரச பாடசாலையை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியார், சர்வதேசப் பாடசாலைகளில் பதிவேடுகளின் பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

1. முதல் வாரத்திலேயே ஒரு கோவை

வகுப்பாசிரியர் பொறுப்புக் கிடைத்தால் மேசைக்குள் ஒரு கோவை (ஃபைல்) இருக்கட்டும். அதில் இருக்க வேண்டியவை:

- பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு தொலைபேசி இலக்கங்கள்.
- யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு, யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்ற விபரம், பெற்றோரின் கையெழுத்துடன்.
- எந்தப் பிள்ளை எப்படி வீட்டுக்குப் போகிறது: வான், பஸ், ரயில், நடை. வானென்றால் சாரதியின் பெயரும் இலக்கமும்.
- பிள்ளையை அழைத்துப் போகக்கூடியவர்கள் யார் யார், அவர்களுடைய அடையாள அட்டை இலக்கம்.

இரண்டு இலக்கங்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி பக்கத்து வகுப்புகளில் தாயோ தகப்பனோ மத்திய கிழக்கில் இருக்க, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் பலர். பதிவேட்டில் இருப்பது குவைத்திலிருக்கும் அம்மாவின் பழைய இலங்கை இலக்கமாக இருக்கும். அடித்துக்கொண்டே இருப்பீர்கள். தவணை தொடங்கியதும் ஒவ்வொரு இலக்கத்தையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விஷயத்தைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

இந்தத் தகவல்களை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டு வாங்காதீர்கள். பிள்ளையின் வியாதியும் அடையாள அட்டை இலக்கமும் நாற்பது வீடுகளுக்குப் போய்விடும். கொப்பித் தாளில் எழுதி, கையெழுத்தோடு பிள்ளையிடம் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

2. ஒரு சிறிய பையும் அதன் செலவும்

முதலுதவிப் பெட்டி பாடசாலையுடையது. அது அலுவலகத்தில் இருக்கும், திறப்பு இன்னொருவரிடம் இருக்கும். ஆகவே உங்களிடம் ஒரு துணிப்பை வேண்டும்: பழைய பத்திரிகைத் தாள்கள், பொலித்தீன் பை சில, டிஷ்யூ, கையுறை இரண்டு சோடி, சிறிய டோர்ச், ஒரு பெக்கட் சானிட்டரி நப்கின், மாற்றுச் சட்டை ஒன்று (பழையது போதும்). எல்லாவற்றையும் புறக்கோட்டையில் வாங்கினால் 1,500 ரூபாய்க்குள் அடக்கிவிடலாம். வெள்ளவத்தையில் வாங்கினால் கொஞ்சம் கூடும்.

இந்தச் செலவுக்கென்று பிள்ளைகளிடம் நீங்களாகக் காசு சேர்க்க வேண்டாம். இருபது ரூபாயாக இருந்தாலும் முறைப்பாடு வரும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு அதிபர் மூலமாக ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுங்கள். கிடைக்கத் தாமதமாகும், ஆனால் பிரச்சினை வராது.

நப்கினைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறாம் ஆண்டிலிருந்து எந்த நாளும் ஒரு பிள்ளை வகுப்பிலேயே பெரிய பிள்ளையாகலாம். ஆண் ஆசிரியர் என்றால் அருகிலிருக்கும் பெண் ஆசிரியரை உடனே அழையுங்கள். "டீச்சர், கொஞ்சம் வாங்க" என்றாலே போதும், அவருக்குப் புரியும். மற்றப் பிள்ளைகளைக் கரும்பலகைப் பக்கம் திருப்பி ஏதாவது எழுதக் கொடுத்துவிட்டு, பிள்ளை எழுந்து போக வழி விடுங்கள். தாய்க்குத்தான் முதலில் அறிவிக்க வேண்டும், வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு சொல்லும் போகக்கூடாது. பல வீடுகளில் தண்ணீர் வார்த்து, சடங்கு முடியும்வரை பிள்ளையை அனுப்பமாட்டார்கள். அந்த நாட்களின் பாடத்தை எடுத்துவைத்து ஒரு சிநேகிதியின் கொப்பி மூலம் அனுப்பிவிடுங்கள்.

3. குழப்பம் தொடங்கிய முதல் நிமிடம்

என்ன நடந்தாலும் வரிசை ஒன்றுதான்.

முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். நேரத்தைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவிடுங்கள். பிறகு எல்லோரும் கேட்பது இந்த நேரத்தைத்தான்: அதிபர், ஆஸ்பத்திரி, பெற்றோர், வலயக் கல்விப் பணிமனை.

அடுத்து இரண்டு பிள்ளைகளை அனுப்புங்கள். ஒருவர் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம், மற்றவர் பகுதித் தலைவரிடம். ஒரு பிள்ளையை மட்டும் அனுப்பினால் அது வழியில் நின்று இன்னொருவருக்குக் கதை சொல்லும். வாய்ச்சொல்லும் வேண்டாம், ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: "8 பி, ஒரு பிள்ளை மயக்கம், உடனே வரவும், 9.42."

மூன்றாவது, எண்ணுங்கள். வகுப்பை விட்டு வெளியேற நேர்ந்தால் வெளியேறும்போது ஒருமுறை, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருமுறை. வரவுப் பதிவேட்டைக் கையோடு கொண்டு போங்கள். காலையில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாமல் எண்ணுவதில் பயனில்லை. விளையாட்டுப் பயிற்சிக்கும் தமிழ்த்தினப் போட்டிக்கும் போன பிள்ளைகள் அங்கேதான் தொலைந்து போவார்கள், கணக்கில். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில், யாரை யார் கூட்டிப் போனார் என்று ஒரு தாளில் குறிக்காமல் பிள்ளையை வெளியே விடாதீர்கள்.

4. பிள்ளைக்கு உடம்புக்கு முடியாவிட்டால்

அடிக்கடி வருவது இதுதான்.

*மயக்கம்.* திங்கட்கிழமை காலைக்கூட்டம் நீண்டால் இரண்டு மூன்று பேர் விழுவார்கள். பெரும்பாலும் வெறும் வயிறு. நிழலில் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். நினைவு நன்றாகத் திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. எழுந்தபின் "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று தனியாகக் கேளுங்கள், எல்லோருக்கும் முன்னால் வேண்டாம்.

*வலிப்பு.* யாராவது ஓடிவந்து கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். வாயிலும் எதையும் வைக்கக்கூடாது, பிடித்து அமுக்கவும் கூடாது. மேசை கதிரைகளை விலக்கி, தலைக்கடியில் புத்தகப் பையோ மடித்த துணியோ வைத்து, முடிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நின்று மறுபடி வந்தால், அல்லது முதல் தடவை என்றால், காத்திருக்காமல் 1990க்கு, அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

*மூக்கால் இரத்தம்.* தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்வது இங்கே எல்லோருக்கும் பழக்கம், அது தவறு. முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

*காய்ச்சல்.* கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு என்ற நினைப்போடுதான் நடக்க வேண்டும், முக்கியமாகத் தென்மேல் பருவ மழையை ஒட்டிய மே, ஜூன், ஜூலையிலும் வருடக் கடைசி மழையிலும். ஆசிரியர் மாத்திரை கொடுக்கக்கூடாது, பனடோல் கூட. தாயை அழைத்து ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் கொடுக்க வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும் என்று நினைவுபடுத்துவது நல்லது. வகுப்பில் ஒருவருக்கு டெங்கு உறுதியானால் அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைப்பது அவர் பொறுப்பு. பரிசோதகர் வருவதற்கு முன் உங்கள் வகுப்பு யன்னலுக்கு வெளியே எறியப்பட்டிருக்கும் யோகட் கோப்பைகளைப் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்கவைக்காதீர்கள். சிரமதான நாளில் கையுறையோடு செய்யலாம்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைப்பவர் சொல்ல வேண்டியவை: பாடசாலையின் பெயர், வீதி, எந்தப் படலை, பிள்ளையின் வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறதா. படலையில் ஒருவரை நிறுத்துங்கள். காலி வீதிப் பக்கத்து ஒழுங்கைகளில் இருக்கும் பாடசாலைகளுக்கு இரண்டு படலைகள் இருக்கும், அம்புலன்ஸ் எப்போதும் பூட்டிய படலைக்குத்தான் வரும். சிங்களம் தட்டுத்தடுமாறுகிறவர் சில வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கோவையின் உள்ளட்டையில் ஒட்டிவையுங்கள்: "லமயா வெட்டிலா, ஒளுவ துவால வெலா." பிள்ளை விழுந்து தலை காயம் என்று அர்த்தம். "சிஹிய நே" என்றால் நினைவில்லை. அவசரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், தாளைப் பார்த்துப் படித்துவிடலாம்.

ஆஸ்பத்திரிக்குக் கூடவே ஒரு ஆசிரியர் போக வேண்டும். பொரளையிலுள்ள லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் முதலில் கேட்பது பெயர், வயது, நிறை, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு. கரும்பலகை மூலையில் எழுதியது இங்கே உதவும். பெற்றோர் வந்து சேரும்வரை திரும்பி வர வேண்டாம். உங்கள் பாடவேளைகளுக்கு யார் போவது என்பதைப் புறப்படும் முன் பகுதித் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

5. இடைநடுவில் பிள்ளையை அழைத்துப் போக ஒருவர் வந்தால்

காயமும் காய்ச்சலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இது ஓசையில்லாமல் வரும் குழப்பம், அதனால் ஆபத்தும் கூட. வகுப்பு வாசலில் ஒருவர் நின்று, "டீச்சர், நான் பிள்ளைட மாமா, வீட்டில அவசரம்" என்பார். பிள்ளையும் "மாமா" என்று சிரிக்கும். இருந்தாலும் விடக்கூடாது. பெற்றோர் பிரிந்து, பிள்ளை யாரிடம் என்று நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் வீடுகள் இருக்கின்றன. அது உங்களுக்குத் தெரியாமலும் இருக்கும்.

வந்தவரை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். உங்கள் கோவையில் இருக்கும் இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். அவர் தன் தொலைபேசியை நீட்டி "இந்தாங்க, அம்மா லைன்ல இருக்கிறா" என்றால், பணிவாக மறுத்துவிடுங்கள். பிறகு வெளியேறல் புத்தகத்தில் பெயர், உறவு, அடையாள அட்டை இலக்கம், நேரம், காரணம், கையெழுத்து, கடைசியாக அதிபரின் ஒப்பம். ஐந்து பத்து நிமிடம் பிடிக்கும். வந்தவர் கோபப்படுவார். "ஐயா, நாளைக்கு வேற யாரும் வந்தாலும் இப்படித்தான் கேட்போம்" என்று சொன்னால் பெரும்பாலானோர் அடங்கிவிடுவார்கள்.

எனக்கு ஒருமுறை ஒரு தகப்பன் மறுநாள் காலை வந்து, பிள்ளையை யார் கூட்டிப் போனது என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். புத்தகத்தைத் திறந்து காட்டினோம். கையெழுத்து அவருடைய மனைவியுடையது. அதோடு பேச்சு முடிந்தது.

பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் இருந்தால் அதிபருக்குச் சொல்லிவிட்டு 1929க்கு அழைக்கலாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது.

6. மழையும் கரண்டும்

தகரக் கூரையில் அடைமழை கொட்டும்போது கத்திப் பாடம் நடத்தினால் தொண்டை போகும், கேட்கவும் கேட்காது. அதற்கென்றே மௌன வேலை ஒன்றைத் தயாராக வையுங்கள்: கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் கொப்பியில் செய்வது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் அதிகம். மைதானத்தில் பாடம் என்றால் முதல் இடிக்கே உள்ளே வந்துவிடுங்கள், மரத்தடி வேண்டாம்.

மணியடிக்கும் நேரம் பார்த்து வானம் திறந்தால், ஆமர் வீதி, மருதானைப் பக்கம் வீதியே ஓடையாகும், வான்கள் வந்து சேர இரண்டு மணியும் தாண்டலாம். நடந்து போகும் பிள்ளைகளை வெள்ளத்துக்குள் விடாமல் மண்டபத்தில் இருத்துங்கள். குழுவுக்கு ஒரே செய்தி: "பிள்ளைகள் பாடசாலையில் பாதுகாப்பாக இருக்கிறார்கள், வந்து அழைத்துச் செல்லவும்." அதற்குமேல் கேள்விக்குக் கேள்வி பதில் எழுதிக்கொண்டிருந்தால் பிள்ளைகளைப் பார்க்க நேரம் இருக்காது. இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

"நாளைக்குப் பாடசாலை மூடுகிறார்களாம்" என்று அமைச்சின் கடிதத்தலைப்போடு ஒரு படம் சுற்றிவரும். அதிபர் சொல்லும்வரை நீங்கள் அதை எங்கும் அனுப்பாதீர்கள். ஆசிரியர் அனுப்பினால் அது செய்தியாகிவிடுகிறது.

கரண்ட் போவது முன்போல இல்லை என்றாலும் போகும். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதால் நாடே இருண்டது என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையாகப் போனதால் நாங்கள் தப்பினோம், ஆனால் அடுத்த நாட்களில் முறைவைத்து வெட்டினார்கள். மல்டிமீடியாவை நம்பிப் பாடம் திட்டமிட்டால் அதே பாடத்தைக் கரும்பலகையில் நடத்த ஒரு பக்கக் குறிப்பும் கையில் இருக்கட்டும். மின்விசிறி நின்ற வகுப்பில் சுவரோரப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் புழுக்கம், இடம் மாற்றி உட்காரவையுங்கள்.

7. ரிலீஃப்

உங்கள் ஒரேயொரு ஓய்வுப் பாடவேளையில் கொப்பி திருத்த உட்காரும்போது, வராத ஆசிரியரின் வகுப்புக்கு உங்களைப் போகச் சொல்லும் ரிலீஃப் புத்தகம் வந்து நிற்கும். கையெழுத்துப் போடுங்கள், போய்விடுங்கள். போகாமல் இருந்து அந்த நேரத்தில் வகுப்பில் ஒரு பிள்ளை விழுந்தால் பொறுப்பு உங்களுடையது, ஏனென்றால் புத்தகத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. கையெழுத்திடும்போது நேரத்தையும் எழுதுங்கள். பாடவேளை தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் புத்தகம் வந்தது என்றால் அதுவும் அதில் தெரியட்டும்.

தெரியாத வகுப்பில் தெரியாத பாடத்தைத் தொடத் தேவையில்லை. என்னிடம் எப்போதும் இருப்பவை: ஒரு பந்தி வாசிப்பு, அதற்கு ஐந்து கேள்விகள், ஒரு பெருக்கற் சதுரம், சொற்களை வைத்து ஒரு விளையாட்டு. எல்லாம் கரும்பலகையில் எழுதக்கூடியவை. போட்டோ கொப்பி எடுத்து வைத்தால் நாற்பது பிரதிக்குச் செலவு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

நீங்கள் விடுமுறை எடுக்கும் நாளுக்கும் இப்படி ஒரு தாளை வகுப்புத் தலைவரிடம் விட்டுப் போங்கள். உங்கள் வகுப்புக்கு ரிலீஃப் வருகிறவர் வாழ்த்துவார்.

8. சண்டை, சத்தம், வாசலில் பெற்றோர்

அடிக்காதீர்கள். உடல் ரீதியான தண்டனைக்குக் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை இடம் தரவில்லை. "அந்தக் காலத்தில் நாங்கள் வாங்காத அடியா" என்று ஓய்வறையில் சொல்பவர், விசாரணை வரும் நாளில் உங்களோடு வரமாட்டார். சண்டைக்காரர்களை வேறு வேறு வரிசையில் இருத்தி, தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்போது பாதிக் கோபம் இறங்கியிருக்கும், உங்களுக்கும் ஆவணம் கிடைக்கும்.

பிள்ளையிடம் தொலைபேசி அகப்பட்டால் நீங்கள் மேசைக்குள் பூட்டி வைக்கக்கூடாது. தொலைந்தால் உங்கள் சம்பளம்தான். அதே பாடவேளையில் அலுவலகத்தில் கொடுத்து, பதிவு செய்து, பெற்றோரிடம் கையெழுத்தோடு ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் வகுப்பு வாசலில் குரலை உயர்த்தினால், "அம்மா, பிள்ளைகள் இருக்கிறாங்க. ஒஃபிஸ்ல இருங்க, மணியடிச்சதும் வாறன்" என்றுவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். மணியடித்ததும் போகத்தான் வேண்டும், பகுதித் தலைவரையும் கூட்டிக்கொண்டு.

9. அன்றே எழுத வேண்டியவை

வீட்டுக்குப் போகுமுன் எழுதுங்கள். சம்பவத் திரட்டுப் புத்தகம் அதிபரிடம் இருக்கும். நீங்கள் ஒரு அறிக்கை எழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியோடு ஒப்பம் வாங்குங்கள். அரைப் பக்கம் போதும்: நேரம், இடம், நடந்தது, யார் யாருக்கு அறிவித்தது, பிள்ளையை யாரிடம் ஒப்படைத்தது. "நினைக்கிறேன்", "போல இருந்தது" வேண்டாம். யார் குற்றம் என்றும் எழுத வேண்டாம்.

அரச பாடசாலைப் பிள்ளைகளுக்கு சுரக்ஷா காப்புறுதி இருக்கிறது, பெற்றோர் கட்டணம் கட்டுவதில்லை. பலருக்கு இது தெரியாது. ஆகவே காயப்பட்ட பிள்ளை ஆஸ்பத்திரியில் தங்கினால் தாயிடம் அன்றைக்கே சொல்லுங்கள்: டயக்னோஸிஸ் கார்டை (நோய் விபரம் எழுதி ஆஸ்பத்திரி தரும் அட்டை) தொலைக்க வேண்டாம், மருந்துக் கடைப் பற்றுச்சீட்டின் மூலப்பிரதியை எடுத்து வையுங்கள். கோரிக்கைப் படிவம் அதிபரின் உறுதிப்படுத்தலோடு போக வேண்டும். அந்த உறுதிப்படுத்தலுக்கு அலுவலகம் தேடுவது உங்கள் அரைப் பக்க அறிக்கையைத்தான்.

குழம்பிப்போன பாடத்தை அன்றைய பாடக்குறிப்பில் "நடைபெறவில்லை" என்று காரணத்தோடு குறித்து, எந்த நாளில் நடத்தப் போகிறீர்கள் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். மேற்பார்வைக்கு வலயத்திலிருந்து வருகிறவர்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. குறிப்பில் வெற்றிடம் இருந்தால் கேள்வி வரும், காரணமும் திகதியும் இருந்தால் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.